மாஸ்டரின் பென்சில் குறிப்புகள்: கணினியில் இசைக் குறியீடுகள் சேர்ப்பது பற்றி

(நமது சங்கத்தின் மாதாந்திரச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று திரையில் காட்டியதை இங்கே வார்த்தையில் சொல்ல முயன்றிருக்கிறேன்.)



செயலாளர் என்னை அறிமுகம் செய்தபோது, "சார் 36 வருஷம் பேங்க்ல நோட்டு எண்ணினவர், ரிட்டயர் ஆனப்புறம் வேற நோட்டு எண்ண ஆரம்பிச்சிருக்கார்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதனாலேயே இசைத்தாளில் இருக்கிற நோட்டை இன்று முழுவதும் 'சுரம்' என்றே சொல்லப்போகிறேன். இல்லையென்றால் நான் சொல்வது பணமா, நோட்டுப் புத்தகமா, இசையா என்று குழப்பம் வரும். மூன்றுமே இந்தப் பேச்சில் வருகின்றன.

நான் இசை ஆசிரியர் இல்லை. பி.காம். படித்தவன். சர்ச் பாடகர் குழுவில் 40 வருடமாக பேஸ் பாடுகிறவன், அவ்வளவுதான். நம் குடியிருப்பில் கீபோர்டும் வயலினும் கற்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். மாலையில் லிஃப்டுக்காக நிற்கும்போது எந்தத் தளத்தில் யார் எந்தப் பாடத்தில் திணறுகிறார்கள் என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். அவர்களில் சிலர் கணினியில் இசைத்தாள் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், என்னைப் போல் ஓய்வுபெற்று ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

எங்கள் பாடகர் குழுவுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று கேரல் பாடல்களை நான்கு குரலுக்கு, அதாவது சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பிரித்து, கையால் எழுதுவார். சுரங்களைக் கறுப்பு மையில் எழுதுவார். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குரல் மெல்ல ஏற வேண்டும், எந்தச் சுரத்தில் அவர் கை இறங்கும் வரை நிற்க வேண்டும் என்பதையெல்லாம் பென்சிலால் மேலே போடுவார். "மை ஒரு தடவைதான், பென்சில் வருஷா வருஷம்" என்பார். போன வருடம் போட்ட குறியை இந்த வருடம் அழித்து வேறு இடத்தில் போடுவார்.

அவர் காலமான பிறகு அவருடைய மகள் ஒரு ரெக்ஸின் பையில் 7 நீள நோட்டுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "அங்கிள், வீடு மாத்துறோம், இது உங்க கிட்ட இருக்கட்டும்" என்றாள். அப்புறம் ஊரடங்கு வந்தது. வெளியே போக முடியாது. மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளை இறக்கிக்கொண்டேன். வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானியர் 2002-இல் தொடங்கியது. இலவசம், விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேண்டும்.

எட்டு மாதத்தில் முதல் நோட்டை ஏற்றினேன். ஒரு சுரமும் விடவில்லை. வங்கியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடிப்போமே, அதுபோல என் மனைவி ஒவ்வொரு பாராக வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். ஊரடங்கு தளர்ந்ததும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெருமையோடு ஒத்திகைக்குப் போனேன். அச்சுப் புத்தகம் மாதிரி இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு தடவை பாடி முடித்ததும் ஆல்ட்டோவில் மூத்தவரான அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எல்லாம் சரிதான். மாஸ்டர் எங்கப்பா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. நான் மையை மட்டும் ஏற்றியிருந்தேன். பென்சிலை ஏற்றவில்லை.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். குறிப்பேட்டில் பற்று, வரவு, தொகை எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பான் புதிதாய் வந்த பையன். கீழே 'இன்னாருக்கு இன்னதற்காகக் கொடுத்தது' என்று ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். அதற்கு நரேஷன் என்று பெயர். அது இல்லாமலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆனால் 10 வருடம் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவனுக்கு ஒன்றும் விளங்காது. நான் தயாரித்திருந்த தாள் விளக்கவரி இல்லாத பேரேடு.

அந்தப் பென்சில் கோடுகளுக்கு வேறு பிரதி கிடையாது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். எங்களிடம் இருந்த ஜெராக்ஸ் பிரதிகளில் மை மட்டும் கறுப்பாக விழுந்திருந்தது. மெல்லிய பென்சிலை இயந்திரம் எடுக்கவே இல்லை. நோட்டிலேயே பல இடங்களில் விரல்பட்டு மங்கிவிட்டது. மாஸ்டர் காலத்தில் முழுதாகப் பாடியவர்கள் குழுவில் நான்கு பேர்தான் மிச்சம். அதில் அந்த அக்காவுக்கு 81 வயது.

இனி வேலைக்கு வருகிறேன். சுரங்களை ஏற்றுவது பற்றி நான் பேசப்போவதில்லை, அதற்கு இணையத்தில் எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. ஏற்றிய சுரத்தின் மேல் குறியீடு சேர்ப்பது பற்றி மட்டும்.

மியூஸ்ஸ்கோரில் இடது பக்கம் 'பேலட்' என்று ஒரு பகுதி இருக்கும். காணவில்லை என்றால் எஃப்9 விசையை அழுத்துங்கள், வரும். ஓவியரின் வண்ணத்தட்டு மாதிரி, குறியீடுகள் வகைவாரியாகப் பெட்டிகளில் இருக்கும். முதலில் தாளில் சுரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது நீலமாக மாறும். பிறகு பேலட்டில் குறியீட்டைச் சொடுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். யாருக்கு என்று முதலில், என்ன என்று பிறகு. கவுண்டரில் கணக்கு எண்ணைக் கேட்காமல் பணத்தை வாங்கிப் போடுவோமா?

அடிக்கடி வருபவற்றுக்கு விசைகளே இருக்கின்றன. சுரத்தைக் குறுக்கிப் பாடச் சொல்லும் புள்ளிக்கு ஷிஃப்டும் எஸ்ஸும். அழுத்திப் பாடச் சொல்லும் குறிக்கு ஷிஃப்டும் வி-யும். குரல் படிப்படியாக ஏற வேண்டிய இடத்தில், முதல் சுரத்தைச் சொடுக்கி, ஷிஃப்டை அழுத்தியபடி கடைசிச் சுரத்தைச் சொடுக்கி, < விசையை அழுத்தினால் விரியும் கோடு வரும். இறங்குவதற்கு >. கணக்குப் பாடத்தில் சிறியது, பெரியது என்று படித்த அதே குறிகள்தான். அச்சிட்ட தாளிலும் அது அப்படியே நீட்டிய வடிவத்தில் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சேர்ப்பதற்கு முன்னால் என்னென்ன நீலமாக இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் ராத்திரி முழுப் பாட்டும் தேர்வாகியிருப்பது தெரியாமல் ஷிஃப்ட்-எஸ் அழுத்திவிட்டேன். நான்கு பக்கமும் அம்மை போட்ட மாதிரி புள்ளி. கன்ட்ரோல்-இசட் என்று ஒரு தெய்வம் இருப்பதால் பிழைத்தேன்.

பேலட்டிலிருந்து குறியீட்டை மவுஸால் இழுத்துக் கொண்டுபோயும் போடலாம். புதிதாய் வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. தாளில் பார்ப்பதற்குக் குறியீடு சரியான சுரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் மென்பொருளின் கணக்கில் அது பக்கத்துச் சுரத்துக்குச் சொந்தமாக இருக்கும். ஏற்கெனவே போட்ட குறியீட்டை இழுத்துப் பாருங்கள். அதிலிருந்து ஒரு புள்ளிக்கோடு கிளம்பி அதன் சொந்தக்காரரிடம் போய் நிற்கும். பெரும்பாலான குறியீடுகளை நாம் இழுத்தால் இடம்தான் மாறுகிறது, சொந்தம் மாறுவதில்லை.

அதனால் என்ன, பார்க்கச் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பாட்டில் 'ஃபெர்மாட்டா' என்ற நிறுத்தக் குறியை (பிறைக்குள் ஒரு புள்ளி வைத்தாற்போல் இருக்கும்) அடுத்த சுரத்தில் போட்டுவிட்டு, மவுஸால் நகர்த்திச் சரியான இடத்துக்கு மேல் நிறுத்தினேன். மறுவாரம் வயதானவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கினேன். வரிகள் உடைந்து மாறின. சொந்தக்காரச் சுரம் அடுத்த வரிக்குப் போனது, குறியும் கூடவே போய், வரியின் ஓரத்தில் வெற்றுத்தாளில் தொங்கியது. பக்கத்து ஃபோலியோவில் தப்பாகப் போஸ்டிங் போட்டுவிட்டுப் பென்சிலில் அம்புக்குறி போட்டு வைத்தால் வருட முடிவில் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

இப்போது என் வழக்கம் இது. தப்பாக உட்கார்ந்த குறியை நகர்த்துவதில்லை. அழித்துவிட்டு, சரியான சுரத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி சேர்ப்பேன். நகர்த்திக் கெடுத்துவிட்டேன் என்று தோன்றினால் குறியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஆர், அது பழைய இடத்துக்கே திரும்பும். மேலே இருப்பது கீழே வர வேண்டும் என்றால் எக்ஸ் விசை. பாடகர்களின் தாளில் சுரத்துக்குக் கீழே பாட்டின் வரிகள் வருவதால், மெதுவாக, உரக்க என்று சொல்லும் குறிகளை வரிக்கு மேலே போடுவதுதான் மரபு.

அடுத்து, நான் இன்றைக்கும் வெட்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

இசைத்தாளில் ஒரு வளைந்த கோடு இருக்கிறது. இரண்டு சுரங்களைப் புருவம் மாதிரி இணைக்கும். இரண்டும் ஒரே சுரமாக இருந்தால் அதற்கு 'டை' என்று பெயர், இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில், திரும்பத் தொடங்காமல் நீட்ட வேண்டும் என்று பொருள். வெவ்வேறு சுரங்களுக்கு மேல் போனால் அது 'ஸ்லர்', வழுக்கிக்கொண்டு சேர்த்துப் பாட வேண்டும் என்று பொருள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மியூஸ்ஸ்கோரில் டை-க்கு டி விசை, ஸ்லருக்கு எஸ் விசை. ஒரு கேரலின் முடிவில், மற்ற மூன்று குரலும் அடங்கிய பிறகு, பேஸ் மட்டும் ஒரே சுரத்தை இரண்டு பாருக்கு நீட்டி நிறுத்த வேண்டும். மாஸ்டர் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அங்கே நான் டி-க்குப் பதில் எஸ் அழுத்தியிருக்கிறேன்.

தாளைப் பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. வளைகோடு இருக்கிறதே! ஆனால் எங்கள் குழுவில் புதிதாய்ச் சேர்ந்த நான்கு பையன்களுக்குத் தாள் பார்த்துப் பாடத் தெரியாது. அவர்களுக்காக மென்பொருளை வாசிக்கவைத்து, அந்த ஒலிக்கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். மென்பொருளுக்குப் புருவம் தெரியாது. டை என்றால் நீட்டும், ஸ்லர் என்றால் இரண்டாவது சுரத்தை மறுபடி தொடங்கி வாசிக்கும். பையன்கள் கேட்டதைக் கேட்டபடி மனப்பாடம் செய்தார்கள். நான் பாடியதும் தாளைப் பார்த்து. ஒத்திகையில் எல்லோரும் சத்தமாகப் பாடி முடிக்கிற அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை. ஆலயம் நிறைந்த கூட்டம். அந்தக் கடைசிச் சுரம். நான் நீட்டிக்கொண்டிருக்கிறேன், என் பக்கத்தில் நான்கு பேர் அந்த அமைதியில் புதிதாய் ஒரு சத்தம் போட்டுத் தொடங்குகிறார்கள். முன்வரிசையில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டார். ஆராதனை முடிந்ததும் பெரியவர் ஒருவர் பையன்களைப் பிடித்து, "பாடத் தெரியாட்டி வாயசைச்சுட்டு நிக்க வேண்டியதுதான டேய்" என்றார். அதில் ஒருவன் அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒத்திகைக்கே வரவில்லை. பிழை என்னுடையது என்று கண்டுபிடிக்க எனக்கு ஜனவரி ஆனது. அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "பரவால்ல அங்கிள்" என்றான். ஆனால் திட்டு வாங்கியது அவன், எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை.

கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு என்று ஒன்று போடுவோம். டிரயல் பேலன்ஸ். பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டால் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம். ஆனால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று பாடத்தில் ஒரு பகுதியே உண்டு. இயந்திரத்தைப் பழுது பார்த்த செலவை, இயந்திரம் வாங்கிய கணக்கில் எழுதினால் தொகை டேலி ஆகும், கணக்கு பொய்யாகிவிடும். அதற்கு விதிப்பிழை என்று பெயர். 19 வயதில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் அனுப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு குரலையும் தனியாக வாசிக்கவைத்துக் கண்ணை மூடிக் கேட்கிறேன். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுத் தாளை மட்டும் பார்க்கிறேன். இரண்டும் தனித்தனியாக நடக்க வேண்டும். கண்ணும் காதும் சேர்ந்தால் ஒன்றின் தவறை இன்னொன்று மூடிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஃபெர்மாட்டாவை மேல்வரியில், பெண்கள் குரலில் மட்டும் போட்டால், வாசிக்கும்போது மென்பொருள் நான்கு குரலையும் சேர்த்தே நிறுத்திவிடும். கேட்டால் சரியாக இருக்கும். ஆனால் ஆண்களுக்குத் தனித்தாள் எடுத்தால் அதில் அந்தக் குறியே இருக்காது. அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அதே போன்ற இன்னொன்று, எழுத்துகள். 'நிதானம்' என்று மாஸ்டர் தமிழில் எழுதியிருப்பார். அதைக் கன்ட்ரோல்-டி அழுத்தித் தட்டலாம், தமிழ் நன்றாகவே விழுகிறது. ஆனால் அது ஸ்டாஃப் டெக்ஸ்ட், அதாவது அந்த ஒரு வரிக்காரருக்கு மட்டும் எழுதிய தனிக்கடிதம். கன்ட்ரோலோடு ஷிஃப்டும் சேர்த்து டி அழுத்தினால் சிஸ்டம் டெக்ஸ்ட், எல்லாக் கிளைகளுக்கும் போகிற சர்க்குலர். முழுத்தாளில் இரண்டும் மேலே ஒரே இடத்தில்தான் தெரியும். தனித்தாள் பிரிக்கும்போதுதான் டெனருக்கு சர்க்குலர் வந்துசேரவில்லை என்பது தெரியும். அதேபோல் மெதுவாகப் பாடு என்பதற்கான 'பி' என்ற எழுத்தைச் சாதாரண எழுத்தாகத் தட்டிச் சாய்த்துவிடலாம், பார்க்க அசல் மாதிரியே இருக்கும். வாசிக்கும்போது மென்பொருள் அதைச் சட்டை செய்யாது. பேலட்டில் டைனமிக்ஸ் என்ற பெட்டியிலிருந்து எடுத்த 'பி'தான் குரலைக் குறைக்கும். அதையும் மேல்வரி, கீழ்வரி இரண்டிலும் போட வேண்டும். மூச்சுக்குறி, காற்புள்ளி போல் இருப்பது, அதற்கும் பேலட்டில் தனி இடம் உண்டு. காற்புள்ளியைத் தட்டிவிட்டு அதுதான் மூச்சு என்று நினைக்காதீர்கள்.

இப்போது மூக்குக்கண்ணாடிக் கதை.

மாஸ்டரின் நோட்டில் சில இடங்களில் ஒரு சின்ன மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கும். இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம். 'இங்கே தாளைப் பார்க்காதே, என்னைப் பார்' என்று அர்த்தம். அவர் தடித்த கண்ணாடி போட்டவர், அதனால் தன்னையே வரைந்திருக்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். அதை எப்படிக் கணினியில் கொண்டுவருவது என்று ஒரு வாரம் யோசித்தேன். இரண்டு பூஜ்யம் போட்டு நடுவில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், சதவீதக் குறி மாதிரி வந்தது. பிறகு இசட் விசையை அழுத்தினால் எல்லா இசைக் குறியீடுகளும் அடங்கிய பெரிய பட்டியல் திறக்கும் என்று தெரிந்தது. அதில் தேடும் இடத்தில், கண்ணாடிக்கு ஆங்கிலத்தில் என்னவோ அதைத் தட்டினேன். வந்து நின்றது. அதே இரண்டு வட்டம். உலகத்தில் எத்தனையோ பாடகர் குழுக்களிலும் வாத்தியக் குழுக்களிலும் பென்சிலால் போட்டுவந்த குறிதான் அது, அதற்கு ஒரு நிரந்தர எண்ணே கொடுத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மாஸ்டர் தன் மூஞ்சியைத்தான் வரைகிறார் என்று 30 வருடம் நினைத்திருந்தோம். அன்று ராத்திரி மனைவியை எழுப்பிக் காட்டினேன். "சரி, படுங்க" என்றாள்.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, தமிழர்களாகிய நமக்கு அது நன்றாகவே புரியும். யூனிகோடுக்கு முன்னால் நம் ஊரில் தமிழ் தட்டச்சு எப்படி இருந்தது? ஒருவர் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை வேறு எழுத்துரு வைத்திருப்பவர் திறந்தால் புழு நெளிகிற மாதிரி ஏதோ தெரியும். இசைக் குறியீடுகளும் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு குறி ஒவ்வொரு இடத்தில். 2013-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தில் டேனியல் ஸ்ப்ரெட்பரி என்பவர் 'ஸ்மஃபல்' என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டார். அதோடு 'பிரவூரா' என்ற எழுத்துருவையும் இலவசமாகக் கொடுத்தார்கள். இன்ன குறிக்கு இன்ன எண் என்று நிலைத்தது. மியூஸ்ஸ்கோரும் அதையே பின்பற்றுகிறது. மியூஸ்ஸ்கோரின் சொந்த எழுத்துருவுக்கு 'லேலண்ட்' என்று பெயர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 'ஸ்கோர்' என்ற பழைய இசைத்தாள் நிரலை உருவாக்கிய லேலண்ட் ஸ்மித்தின் நினைவாக வைத்தது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இசட் பட்டியலில் இருந்து எடுப்பது வெறும் படம். கண்ணாடியைப் பார்த்து மென்பொருள் ஒன்றும் செய்யாது. அதே பட்டியலில் ஃபெர்மாட்டாவும் இருக்கும். அதை அங்கிருந்து எடுத்தால் தாளில் தெரியும், வாசிக்கும்போது நிற்காது. பேலட்டில் இருப்பதைப் பேலட்டில் இருந்தே எடுங்கள்.

கேள்வி நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரிந்த கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். "நம்ம கர்நாடக சங்கீதத்துக்கு இந்த மாதிரி குறியெல்லாம் கிடையாதா?" உண்டு. சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஜாரு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி கொடுத்து, சுரங்களோடு சேர்த்து அச்சிட்டிருக்கிறார். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் ஈயத்தில் அந்தக் குறிகளை வார்த்து எடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவரைத் தூண்டியவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார். 1890-களில் சென்னையில் நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டவர். அவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான் என்பதில் குமாஸ்தாவான எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். நான் கோவில்பட்டியில் வேலை பார்த்தபோது எட்டயபுரம் வழியாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பேன். பாரதி பிறந்த ஊர் என்று மட்டும் தெரியும்.

பாட்டின் வரிகளைச் சேர்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுரத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எல். ஒரு அசை தட்டி, அதே சொல் தொடர்ந்தால் சிறுகோடு, சொல் முடிந்தால் இடைவெளி. ஒரே அசையைப் பல சுரத்துக்கு இழுத்துப் பாடினால் அடிக்கோடு. தமிழில் அசை பிரிப்பதில் மாஸ்டர் ரொம்பக் கண்டிப்பு. மெய்யெழுத்தை அடுத்த சுரத்துக்குத் தள்ளினால் "வாயில் கல்லா?" என்பார்.

சேமிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1988 முதல் உலகம் முழுக்க இசைக்கலைஞர்கள் பயன்படுத்திவந்த 'ஃபினாலே' என்ற மென்பொருளை, இனி மேம்படுத்தப் போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். 30 வருட உழைப்பை அதில் வைத்திருந்தவர்கள் பதறினார்கள். அதனால் நான் ஒவ்வொரு பாட்டையும் மூன்று விதமாக வைக்கிறேன். மியூஸ்ஸ்கோரின் சொந்தக் கோப்பு ஒன்று, மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய 'மியூசிக் எக்ஸ்எம்எல்' ஒன்று, பிடிஎஃப் ஒன்று. எக்ஸ்எம்எல்லில் மாற்றும்போது சில குறியீடுகள் வழியில் உதிர்ந்துவிடலாம், பிடிஎஃப்பை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். நோட்டுகளையும் வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். கணினிக்கு ஏறிவிட்டதே என்று பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற சாமான் இல்லை அது.

இதுவரை 5 நோட்டு முடிந்திருக்கிறது. மங்கிய இடங்களுக்கு அக்காவிடம் போய் உட்காருவேன். அவருக்கு இப்போது பார்வை சரியாக இல்லை. நான் அந்தப் பாட்டைப் போடுவேன், அவர் ஆல்ட்டோ குரலை முனகிக்கொண்டே வருவார். ஒரு இடத்தில் தானாகவே மூச்சு விடுவார். அங்கே நான் மூச்சுக்குறி போடுவேன். நோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், பென்சில் போய்விட்டாலும் அழுத்திய தடம் இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் தடமும் இல்லாமல் அவர் மூச்சு விட்டார். கேட்டேன். "அது மாஸ்டர் இல்லப்பா, எனக்கு இப்ப அவ்வளவு தூரம் முடியல" என்றார். அதையும் சேர்த்திருக்கிறேன்.

மூன்றாம் நோட்டில் ஒரு பாட்டில், டெனர் வரிக்கு மேல் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. ஸ்மஃபல் பட்டியல் முழுவதும் தேடினேன், பொருந்துகிற அர்த்தம் எதுவும் இல்லை. மிச்சமிருக்கிற நான்கு பேருக்கும் நினைவில்லை. மாஸ்டரின் மகளுக்கும் தெரியவில்லை. அந்தச் சுரத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-டி அழுத்தி, ஒரு முக்கோணத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். டெனர்கள் அந்த இடத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தெரியாது, ஆனால் ஏதோ செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மாலை 5 மணிக்கு நம் நூலக அறையில் லேப்டாப்போடு இருப்பேன். பிள்ளைகள் தங்கள் பாடத்தாளைக் கொண்டுவரலாம், பெரியவர்களும் வரலாம். ஆளுக்கொரு மவுஸ் எடுத்து வாருங்கள். டச்பேடில் ஸ்லர் இழுத்தால் விரல் வலிக்கிறது. ஃபேன் சத்தம் இருக்கிற அறை என்பதால் ஹெட்போனும் இருந்தால் நல்லது.